விடை ஒன்றாக இருக்கட்டும்



மாத இதழ் வீட்டிற்குள் வந்ததும் அதை யார் முதலில் படிப்பது என்பதில் பல இல்லங்களில் சிறு போட்டியே நடக்கும். தலையங்கத்திலிருந்து தொடங்குபவர் உண்டு. தொடர்கதையைத் தேடுபவர் உண்டு. இன்னும் சிலரோ பென்சிலும் அழிப்பானுமாகக் கடைசிப் பக்கங்களைப் புரட்டிக் குறுக்கெழுத்துப் புதிரின் முன் அமர்ந்து விடுவார்கள். "இடமிருந்து வலம், ஐந்தெழுத்து, கடைசி எழுத்து ம்" என்று அடுக்களையில் இருப்பவரையும் அழைத்துக் கேட்டால்தான் அவர்களுக்கு மனம் ஆறும்.

இவ்வாறு ஆண்டுக்கணக்கில் புதிர்களை நிரப்பிப் பழகியவர்களுக்கு ஒரு கட்டத்தில் ஓர் ஆசை பிறக்கும். "நாமே ஒன்றை அமைத்து இதழுக்கு அனுப்பினால் என்ன? நம் பெயர் அச்சில் வருமே!" என்பதே அந்த ஆசை. அது நல்ல ஆசைதான். அது நிறைவேறும் வழியைப் பற்றியே இம்மாதம் உங்களோடு பேச விழைகின்றேன். முதலில், நான் இழைத்த ஒரு பிழையைச் சொல்லி விடுகின்றேன்.

நான் கலைக் கல்லூரியில் பயின்ற காலம் அது. ஓர் இதழுக்கு நான் அமைத்து அனுப்பிய முதற்புதிர் வெளியாயிற்று. எனக்கு நிலை கொள்ளவில்லை. விடுதி அறை நண்பர்கள் அனைவருக்கும் காட்டி மகிழ்ந்தேன். மறுமாதம் விடைகளும், சரியாக எழுதியோரின் பெயர்ப் பட்டியலும் வெளியாயின. அதற்கடுத்த வாரம் இதழ் அலுவலகத்திலிருந்து ஓர் அஞ்சலட்டையை எனக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதை எழுதியவர் வேறு மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு தாய். கணவர் வெளிநாட்டில் இருந்தார். இரவு வேலைகள் முடிந்தபின் மகளும் தாமுமாக அமர்ந்து மூன்று இரவுகளில் எல்லாக் கட்டங்களையும் நிரப்பி அனுப்பியதாகவும், பட்டியலில் தம் பெயர் இல்லையென்றும் எழுதியிருந்தார். "எங்கள் விடையில் பிழை எது என்று சொல்லுங்கள், என் மகள் கேட்டுக் கொண்டே இருக்கிறாள்" என்பதே அவருடைய வேண்டுகோள்.

நான் கொடுத்திருந்த குறிப்பு, "தாயின் தங்கை". கட்டங்கள் மூன்று. எங்கள் ஊரில் தாயின் தங்கையைச் சாச்சி என்போம். ஆகவே விடை "சாச்சி". அந்தத் தாயின் ஊரிலோ "சித்தி" என்பார்களாம். அதுவும் மூன்று கட்டம். முதற்கட்டத்தையும் இரண்டாம் கட்டத்தையும் வேறெந்தச் சொல்லும் குறுக்கிடவில்லை. மூன்றாம் கட்டத்திலிருந்து கீழ்நோக்கி இரண்டெழுத்துச் சொல் ஒன்று இறங்கிற்று. அதற்கு நான் எழுதிய குறிப்பு, "உள்ளே இருப்பவரை வெளியார் காண முடியாமல் செய்வது". என் விடை "சிறை". அவர்கள் எழுதியது "திரை". ஆற அமர எண்ணிப் பார்த்தேன். அவர்களுடைய விடையில் பிழை ஏதுமில்லை. என்னுடைய குறிப்புகளுக்கு அது முற்றிலும் பொருந்திற்று. பிழை என்னிடம் இருந்தது. பட்டியலில் இடம் பெறாமல் போனது அவர்கள் பெயர்.

இதை அன்றே எழுதி ஒப்புக் கொண்டிருக்க வேண்டும். நான் எழுதவில்லை. அச்சில் பெயர் வந்த பெருமை தடுத்தது. இரண்டு மாதம் கழித்துத்தான், "உங்கள் விடையும் சரியே" என்று மடல் வரைந்தேன். அந்த மகள் மறுமொழி எழுதினாள். "உம்மாவிடம் காட்டினேன். சந்தோஷப்பட்டார்கள். ஆனால் இப்போது உம்மா புதிர் போடுவதில்லை. நமக்கு இதெல்லாம் வராது என்று விட்டு விட்டார்கள்." அந்த வரியை இன்றுவரை என்னால் மறக்க இயலவில்லை.

புதிர் அமைப்போர் தம் நெஞ்சில் முதலில் எழுதிக் கொள்ள வேண்டியது இதுதான். நிரப்புகிறவர் நம்மை நம்பித் தம் ஓய்வு நேரத்தைத் தருகின்றார். குறிப்பு கடினமாயிருக்கலாம், சுற்றி வளைக்கலாம், சிரிக்கவும் வைக்கலாம். ஆனால் முயன்று நிரப்பியவருக்கு விடை ஒன்றாகவே இருக்க வேண்டும்.

இப்பாடத்தைக் கற்றவன் நான் மட்டுமல்லன். இக்கலையின் பிறப்பிடத்திலேயே இது நிகழ்ந்துள்ளது. 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஆர்தர் வின் என்பவர் சாய்சதுர வடிவில் ஒரு சொற்புதிரை வெளியிட்டார். அதற்கு அவர் இட்ட பெயர் 'வேர்ட்-கிராஸ்'. சில வாரங்களில் அச்சுக் கோப்பவரின் கைத்தவறால் அப்பெயர் முன்பின்னாக மாறிக் 'கிராஸ்-வேர்ட்' ஆயிற்று. அதுவே நிலைத்தும் விட்டது. சில மாதங்களுக்குள் வாசகர்களும் தாமே அமைத்த புதிர்களை அனுப்பலாயினர். அவையும் வெளியாயின. ஆக, வாசகர் அமைத்த புதிரை இதழில் வெளியிடும் வழக்கம் ஏறத்தாழக் குறுக்கெழுத்தின் வயதையே உடையது.

1920-களின் தொடக்கத்தில் அப்பகுதியைக் கவனிக்கும் பணி மார்கரெட் பெதர்பிரிட்ஜ் என்னும் இளம்பெண்ணிடம் ஒப்படைக்கப்பட்டது. வந்த புதிர்களில் பார்வைக்கு அழகாயிருப்பவற்றைத் தேர்ந்து அச்சுக்கு அனுப்பி விடுவார். எதையும் தாம் நிரப்பிப் பார்ப்பதில்லை. குறை கூறும் கடிதங்கள் வந்து குவிந்தன. ஒருநாள் தாமே அமர்ந்து ஒன்றை நிரப்ப முயன்றபோதுதான் வாசகர்கள் படும் பாடு அவருக்கு விளங்கிற்று. அன்றுமுதல் எந்தப் புதிரையும் சோதிக்காமல் வெளியிடுவதில்லை என்று உறுதி பூண்டார். 1924-இல் உலகின் முதற் குறுக்கெழுத்து நூல் வெளிவந்தபோது அதன் பதிப்பாசிரியர் மூவருள் அவரும் ஒருவர். ஒவ்வொரு படியோடும் ஒரு பென்சிலை இணைத்து விற்றனராம்! 1942-இல் 'நியூயார்க் டைம்ஸ்' குறுக்கெழுத்தைத் தொடங்கியபோது, திருமணத்திற்குப்பின் மார்கரெட் ஃபாரர் எனப் பெயர் பெற்றிருந்த அவரே அதன் முதல் ஆசிரியராக அமர்ந்து, 1960-களின் இறுதி வரை அப்பொறுப்பை வகித்தார். அந்நாளிதழ் இன்றும் வெளியாரின் புதிர்களை ஏற்கின்றது. நாள்தோறும் வரும் புதிருக்குக் கட்டங்கள் 15-க்கு 15. சொற்கள் 78-க்கு மிகலாகாது. மூன்றெழுத்துக்குக் குறைந்த சொல் கூடாது. தாளைத் தலைகீழாகத் திருப்பினாலும் கறுப்புக் கட்டங்கள் அதே இடத்தில் நிற்க வேண்டும் என்பன அதன் விதிகள்.

இவ்விதிகளை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர இயலுமா? இயலாது. ஆங்கிலத்தில் எழுத்துகள் 26. நமக்கோ 247. கட்டத்தில் "க" இருந்தால் அதன்வழி "கா" செல்லாது, "கி" செல்லாது. இரு சொற்கள் சந்திக்கும் இடத்தில் மெய்யும் உயிரும் ஒருங்கே ஒத்திருக்க வேண்டும். ஆகவே எல்லா எழுத்துகளும் இருபுறமும் சந்திக்கும் அமெரிக்க அமைப்பு தமிழில் பெரும்பாடு. ஒன்று விட்டு ஒன்று சந்திக்கும் சல்லடை போன்ற ஆங்கிலேய அமைப்பே நமக்கு ஏற்றது. தொடங்குபவர் 7-க்கு 7 அல்லது 9-க்கு 9 கட்டங்களோடு தொடங்குவது நலம்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இடமிருந்து வலமாக "மகுடம்" என்று எழுதுங்கள். கட்டங்கள் நான்கு: ம, கு, ட, ம். முதல் "ம"விலிருந்து கீழ்நோக்கி "மணல்" இறங்கலாம். "கு"விலிருந்து "குதிரை" இறங்கலாம். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து இறக்கினால் "ண"வும் "தி"யும் அருகருகே நின்று பொருளற்ற சேர்க்கையாகி விடும். ஆகவே இரண்டில் ஒன்றையே கொள்ள வேண்டும். "ட"விலிருந்து எந்தச் சொல் தொடங்கும்? டகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலாகாது. அக்கட்டத்தின் வழியே மேலிருந்து "படகு" இறங்கலாம். அப்போது ட நடுவெழுத்தாய் அமையும். இறுதியில் நிற்பது "ம்". புள்ளி எழுத்தில் எச்சொல்லும் தொடங்காது. அங்கே "பழம்" வந்து முடியலாம். "அம்பு" ஊடுருவிச் செல்லலாம். பள்ளியில் இலக்கண ஆசிரியர் மொழிமுதல் எழுத்து, மொழியிறுதி எழுத்து என்று மனனம் செய்யச் சொன்னபோது, "இது எதற்குப் பயன்படும்?" என்று முணுமுணுத்தோம் அல்லவா? இதற்குப் பயன்படும்!

பெருஞ்சொற்களை முதலில் கட்டத்தில் அமருங்கள். சிறுசொற்கள் எஞ்சிய இடத்தை நிரப்பிக் கொள்ளும். ஒரே சொல் இருமுறை வரலாகாது. அகராதியைத் துழாவினால் மட்டுமே கிடைக்கும் அருஞ்சொற்கள் ஒரு புதிரில் ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டா. அவ்வாறு ஒன்று வந்தாலும், அதைச் சந்திக்கும் சொற்கள் எளியனவாக இருக்கட்டும். மற்றொன்றையும் நம் இல்லங்களுக்கெனச் சொல்லத் தோன்றுகின்றது. இதழ்த் தாள் ஒருநாள் கடலைப் பொட்டலமாகவும் ஆகக் கூடும். ஆகவே புனிதத் திருப்பெயர்களைக் கட்டங்களுக்குள் இடுவதைத் தவிர்ப்பதே பண்பு.

இனிக் குறிப்புகள். "நான்கு கால் விலங்கு" என்று எழுதி விட்டுக் "குதிரை" என்று விடை சொல்வது அநீதி. மூன்றெழுத்தில் கழுதையும் உண்டு, எருமையும் உண்டு. "சதுரங்கப் பலகையில் பிற காய்களைத் தாண்டிச் செல்வது" என்றால் குதிரையைத் தவிர வேறொன்றில்லை. சற்றே சிந்திக்க வைக்க வேண்டுமாயின், "அரசன் தலையில் இருப்பது தன் முதலை இழந்தால் பெண்ணின் இடுப்பில் இருக்கும்" என்று எழுதலாம். மகுடத்தின் முதலெழுத்தை நீக்கினால் குடம்! விடையைக் கண்டவர் முகத்தில் ஒரு புன்னகை தோன்றும். அதே வேளையில் வேறு விடைக்கும் இடமில்லை. கடினம் என்பது வேறு, தெளிவின்மை என்பது வேறு. விடை தெரிந்தபின் "அட, இதுவா!" என்று தோன்றினால் அது நல்ல குறிப்பு. "இதுவும் ஒரு விடையா?" என்று தோன்றினால் அக்குறிப்பைக் கிழித்தெறியுங்கள்.

உறவுப் பெயர், உணவுப் பெயர், மீன் பெயர் ஆகியவற்றில் மிகுந்த எச்சரிக்கை தேவை. ஊருக்கு ஊர் இவை மாறும். நம் வழக்குச் சொல்லைக் கட்டத்தில் இட்டே ஆக வேண்டுமெனில், "கடலோர ஊர்களில் தாயின் தங்கை" என்று இரண்டு சொற்களைச் சேர்த்திருந்தால் போதும். அந்தத் தாய் பென்சிலைக் கீழே வைத்திருக்க மாட்டார்.

புதிர் முடிந்து விட்டதா? உடனே அனுப்பி விடாதீர்கள். ஒரு வாரம் மடித்து வையுங்கள். பிறகு வெற்றுக் கட்டங்களையும் குறிப்புகளையும் மட்டும் படியெடுத்து வீட்டில் ஒருவரிடமும் வெளியில் ஒருவரிடமும் கொடுங்கள். முடிந்தால் இருவரும் வெவ்வேறு ஊரினராக இருக்கட்டும். அவர்கள் நிரப்பும்போது அருகில் அமர்ந்து வாய் திறவாதிருங்கள். இதுதான் மிகக் கடினமான பகுதி! அவர்கள் எங்கே தயங்குகிறார்கள், எதை எழுதி அழிக்கிறார்கள் என்று கவனியுங்கள். அவர்கள் உங்கள் விடைக்கு மாறாக எழுதினால், "தவறு" என்று சொல்லுமுன் குறிப்பை மீண்டும் படியுங்கள். என் புதிர்களை இன்று முதலில் நிரப்புபவர் என் துணைவியார். அவருடைய ஊர் வேறு. பல குறிப்புகள் அவரிடம் தோற்று மாண்டிருக்கின்றன.

மாணவர்களையும் துணைக்குக் கொள்ளலாமா? கொள்ளலாம். ஆனால் பொறுப்பு அமைப்பவருடையதே. லண்டன் 'டெய்லி டெலிகிராஃப்' நாளிதழுக்குப் புதிர் அமைத்து வந்த லியோனார்ட் டாவ் ஒரு பள்ளித் தலைமையாசிரியர். 1944 மே மாதத்தில் அவருடைய புதிர்களில் யூட்டா, ஒமாஹா, ஓவர்லார்டு, மல்பெரி என்னும் விடைகளும், ஜூன் 1 அன்று நெப்டியூன் என்னும் விடையும் வந்தன. அவை அனைத்தும் ஜூன் 6 அன்று நடைபெறவிருந்த நார்மண்டிப் படையிறக்கத்தின் மறைபெயர்கள்! உளவுத் துறையினர் அவரை விசாரித்தனர். குற்றம் ஏதும் காணவில்லை. அவர் வெற்றுக் கட்டங்களை மாணவர்களிடம் கொடுத்துச் சொற்களை நிரப்பச் சொல்லிப் பின்னர்த் தாம் குறிப்பெழுதுவது வழக்கம் என்றும், அருகில் முகாமிட்டிருந்த படைவீரர்களிடம் கேட்ட சொற்களைத் தாமே இட்டதாகவும் அப்பள்ளியின் முன்னாள் மாணவர் ஒருவர் 1984-இல் கூறினார். பிள்ளைகள் தரும் சொல் எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேட்டுக் கொள்வது நல்லது!

இனி அனுப்பும் முறை. நான்கு தாள்களை ஆயத்தம் செய்யுங்கள். எண்ணிட்ட வெற்றுக் கட்டம் ஒன்று, விடை நிரப்பிய கட்டம் ஒன்று, குறிப்புகள், அடைப்புக்குறிக்குள் எழுத்து எண்ணிக்கையோடு ஒன்று, விடைப்பட்டியல் ஒன்று. எண்கள் கட்டத்திலும் குறிப்பிலும் ஒத்துள்ளனவா என்று விரல் வைத்துச் சரிபாருங்கள். அச்சில் வரும் பிழைகளில் பல இந்த இடத்திலேயே பிறக்கின்றன. எந்த இதழுக்கு அனுப்புகிறீர்களோ அதன் பழைய இதழ்கள் ஐந்தாறைப் பார்த்து அதன் கட்ட அளவையே பின்பற்றுங்கள். பெருநாள் சிறப்பிதழுக்கெனில் இரண்டு மாதம் முன்பே அனுப்புங்கள். ஒரே புதிரை இரண்டு இதழ்களுக்கு அனுப்பாதீர்கள். தேதியிட்ட படி ஒன்று உங்களிடம் இருக்கட்டும். பிறர் குறிப்பை எடுத்தாளாதீர்கள், அது திருட்டு.

கணினியில் அமைப்போருக்கு ஒரு சொல். ஆங்கிலத்திற்கென ஆக்கப்பட்ட புதிர் மென்பொருள்கள் பல தமிழில் தடுமாறும். நமக்குக் "கி" ஓரெழுத்து. கணினியின் யூனிகோடு முறையிலோ அது ககரமும் இகரக் குறியுமாக இரண்டு. மென்பொருள் அவற்றைப் பிரித்து இரண்டு கட்டத்தில் இட்டு விடும். எக்செல் போன்ற கணக்குத்தாளில் கட்டத்திற்கு ஓரெழுத்தாக நாமே தட்டச்சு செய்தால் இத்தொல்லை இல்லை. அதைப் பிடிஎஃப் கோப்பாக்கி இதழுக்கு மின்னஞ்சலிலும், உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். வெளியூரில் பணிபுரியும் வாப்பாவும் இங்கிருக்கும் பிள்ளைகளும் ஒரே புதிரை ஒரே இரவில் நிரப்பலாம். விடையை மட்டும் ஒரு வாரம் கழித்தே அனுப்புங்கள். அருகில் விடை இருந்தால் முயற்சி தளர்ந்து விடும்.

பரிசு வைக்கலாமா என்று சிலர் கேட்கலாம். நூலோ பேனாவோ அன்பளிப்பாகக் கொடுங்கள். ஆனால் நிரப்புவோரிடம் நுழைவுக் கட்டணம் வாங்கி, அப்பணத்திலிருந்து பரிசு கொடுக்கும் வழிக்குச் செல்லாதீர்கள். நம் நாட்டில் ஒரு காலத்தில் குறுக்கெழுத்துப் பரிசுப் போட்டிகள் சூதாட்டமாகவே பெருகின. எந்தக் குறிப்புக்கும் இரண்டு விடைகள் பொருந்தும்படி எழுதி விட்டு, அமைப்பாளர் முன்கூட்டியே உறையிலிட்டு வைத்த விடையோடு ஒத்துப் போனவருக்குப் பரிசு என்பது அத்தகைய போட்டிகளின் தந்திரம். 1955-இல் நடுவணரசு பரிசுப் போட்டிகள் சட்டத்தை இயற்றி, மாதப் பரிசுத் தொகை 1,000 ரூபாய்க்கும், ஒரு போட்டிக்கு வரும் விடைத்தாள்கள் 2,000-க்கும் மிகலாகாது என வரம்பிட்டது. அச்சட்டம் சூதின் தன்மையுடைய போட்டிகளையே கட்டுப்படுத்தும். திறமையால் வெல்லும் போட்டிகளை அன்று என்று 1957-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திற்று. திறமைக்கும் சூதுக்கும் இடையே உள்ள கோடு எது என்று பாருங்கள். விடை ஒன்றேயாயின் அது திறமை. விடை இரண்டாயின் அது குருட்டு அதிர்ஷ்டம். என் முதற்புதிர் அக்கோட்டின் எந்தப் பக்கத்தில் நின்றது என்று எண்ணும்போது இன்றும் நாணுகின்றேன். அதில் பணம் இல்லை. ஆனால் ஒரு தாயின் மூன்று இரவுகள் இருந்தன.

எவ்வளவு எச்சரிக்கையாயிருந்தும் பிழை நேர்ந்து விட்டால் என் செய்வது? உடனே ஒப்புக் கொள்ளுங்கள். இதழாசிரியருக்கும் எழுதுங்கள், பிழையைச் சுட்டியவருக்கும் எழுதுங்கள். இரண்டு மாதம் காத்திராதீர்கள்.

அன்பர்களே! இம்மாதம் 7-க்கு 7 கட்டம் ஒன்றை வரையுங்கள். முதல் வெளியீடு உங்கள் வீட்டுக் கூடத்திலேயே நடக்கட்டும். இரவு உணவிற்குப்பின் உம்மாவிடம் பென்சிலைக் கொடுத்து அமரச் செய்யுங்கள். அவர்கள் கடைசிக் கட்டத்தை நிரப்பி விட்டு நிமிர்ந்து பார்த்தபின், அதை உறையிலிட்டு இதழுக்கு அனுப்புங்கள்.